இரைச்சல் சொன்ன செய்தி



இசை கேட்கும் ஆவலோடு கருவியின் முன் அமர்ந்தவனுக்கு இரைச்சல் மட்டுமே கேட்குமாயின், அவன் சினம் கொள்வது இயல்பு. ஆயினும் அவ்விரைச்சலை வெறுத்து ஒதுக்காமல், அது எங்கிருந்து வருகிறது என்று பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் உண்டு. அவர்களின் வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன். அதற்கு முன், அந்தப் பொறுமையை நான் இழந்த ஒரு நிகழ்ச்சியையும் சொல்லிவிடுவது நேர்மை.

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, அறிவியல் கண்காட்சிக்காக மாணவர் சிலரும் நானும் சேர்ந்து, பழைய வால்வுகளைக் கொண்டு ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்கான பெருக்கி ஒன்றைக் கட்டினோம். முதல் இருபது நிமிடம் பாட்டு தெளிவாகக் கேட்கும். பிறகு திடீரெனக் 'கரகர' என்ற ஒலி எழும். சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். எப்போதும் இருக்கும் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். வந்து வந்து மறையும் பழுதோ மனிதனை அலைக்கழித்துவிடும். ஈயப்பற்று வைத்தவர்களில் இளையவனான ஒரு மாணவன்மீது நான் பழி சுமத்தினேன். "உன் கைவேலையில் கவனம் இல்லை" என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவன் மறுமொழி பேசவில்லை. கதையின் எஞ்சிய பகுதியைப் பின்னர்க் கூறுகிறேன்.

1904-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் இரு முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். சில ஆண்டுகளுக்குள் அமெரிக்கரான டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனையாக ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். மெல்லிய ஒலியைப் பெருக்கும் ஆற்றல் இவ்வாறு மனிதனுக்குக் கிடைத்தது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வால்வுகளை அடுக்கிப் பெருக்கப் பெருக்க, ஒலியோடு ஒரு சீறலும் பெருகியது. கருவியைச் செம்மையாகச் செய்துவிட்டால் இச்சீறலை அறவே நீக்கிவிடலாமா?

இவ்வினாவுக்கு 1918-இல் விடை தந்தவர், ஜெர்மானிய அறிஞர் வால்டர் ஷாட்கி. வால்வினுள் ஓடும் மின்சாரம் ஆற்றுநீர் போல இடையறாது ஓடுவதன்று. அது தனித்தனி எலெக்ட்ரான்களாகச் சென்று தகட்டில் மோதுவது. ஓட்டுக் கூரைமேல் மழைத்துளிகள் விழும் ஓசையை நினைத்துப் பாருங்கள். மழை ஒரே அளவாகப் பெய்தாலும் துளிகள் ஒழுங்கான இடைவெளியில் விழுவதில்லை. அதனால் சலசலப்பு எழுகிறது. வால்வின் சீறலும் அத்தகையதே. குற்றமற்ற வால்விலும் அது இருந்தே தீரும் என்று ஷாட்கி காட்டினார்.

சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான்சன் என்பவர், பெல் ஆய்வுக்கூடத்தில் இதனை அளந்து பார்த்தார். தாழ்ந்த அதிர்வெண்களில் இரைச்சல் ஷாட்கியின் கணக்கைவிட மிகுந்திருந்ததை 1925-இல் வெளியிட்டார். வால்வோடு நில்லாமல், அதனோடு இணைந்த மின்தடையையும் ஆராய்ந்தார். அங்கே ஒரு வியப்புக் காத்திருந்தது. புறத்தேயிருந்து மின்னோட்டம் செலுத்தாத மின்தடைகூட இரைச்சல் எழுப்பியது! மின்தடை எப்பொருளால் ஆனதாயினும் வேறுபாடில்லை. அதன் அளவும் வெப்பநிலையுமே இரைச்சலை நிர்ணயித்தன. பொருளினுள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைவதே காரணம். 1928-இல் ஜான்சன் இதனை வெளியிட, அவருடைய தோழர் நைக்விஸ்ட் அதற்குக் கணித விளக்கம் தந்தார்.

அதே ஆண்டில் அந்த ஆய்வுக்கூடத்தில் பணியேற்றவர் கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளைஞர். கடல் கடந்து செல்லும் வானொலித் தொலைபேசியில் குறுக்கிடும் இரைச்சல்களின் மூலத்தைக் கண்டறிவது அவருக்கு இடப்பட்ட பணி. நியூஜெர்சி மாநிலத்தின் ஹோம்டெல் என்னுமிடத்தில், ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அலைவாங்கி ஒன்றை அவர் அமைத்தார். போர்டு மோட்டார்காரின் சக்கரங்கள்மீது ஏறி, அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வட்டமாகச் சுற்றிவரும். அருகிலுள்ள இடிமழையின் இரைச்சலை முதலில் பிரித்தார். தொலைவிலுள்ள இடிமழையினதை அடுத்துப் பிரித்தார். இரண்டையும் நீக்கிய பிறகும் ஒரு மெல்லிய சீறல் எஞ்சியது.

அது கருவியின் குற்றம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஜான்ஸ்கி அவ்வாறு செய்யவில்லை. கதிரவனிலிருந்து வருகிறதோ என்று முதலில் எண்ணினார். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல, அச்சீறல் கதிரவனை விட்டு விலகியது. அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்தை எட்டியது. விண்மீன்கள் வானில் ஒரு சுற்றுச் சுற்றிவரும் காலமன்றோ அது! நம் பால்வீதி மண்டலத்தின் நடுப்பகுதி அமைந்துள்ள தனுசு இராசியின் திசையிலிருந்தே அது வருகிறது என்று 1933-இல் அறிவித்தார். 1937-இல் குரோட் ரெபர் என்னும் பொறியாளர், தம் வீட்டுப் பக்கத்திலேயே கிண்ண வடிவமான அலைவாங்கியைத் தாமே கட்டி, அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். ரேடியோ வானியல் என்னும் பெருந்துறை, இவ்வாறு ஓர் இரைச்சலிலிருந்து பிறந்தது. 1950-இல் தம் 44-ஆம் வயதிலேயே ஜான்ஸ்கி மறைந்தார். அத்துறையில் வழங்கும் ஓர் அலகு இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு விடுமுறை நாளில், ஜான்ஸ்கியின் முறையையே பின்பற்றி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகளில் தங்கிய மின்னூட்டம் நீங்கிய பின், முதல் வால்வைக் கழற்றினேன். மீண்டும் கருவி சூடேறக் காத்திருந்தேன், கரகரப்புத் தொடர்ந்தது. ஆகவே முதல் வால்வு குற்றமற்றது. பிறகு உலர்ந்த மரக்குச்சியால் இணைப்புகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினேன். இரண்டாம் வால்வின் கூட்டில் ஓர் இணைப்பைத் தொட்டவுடன் கரகரப்பு எழுந்தது. அங்கே ஈயம் பளபளப்பின்றி மங்கிக் கிடந்தது. கம்பியைப் போதிய அளவு சூடாக்காமல் வைத்த பற்று அது. கருவி வெப்பமேறி உலோகம் விரியும்போது பிடிப்பு நெகிழ்ந்தது. அந்தக் கூட்டின் பற்றுகளை வைத்தவன் அம்மாணவன் அல்லன், நானே.

மறுநாள் பலர் முன்னிலையில் அவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். "பரவாயில்லை ஐயா, கருவி சரியாகிவிட்டதா?" என்றுதான் அவன் கேட்டான்.

ஷாட்கியும் ஜான்சனும் ஜான்ஸ்கியும் அளந்து பார்த்த பின்னரே காரணம் கூறினார்கள். நான் காரணத்தை முதலில் கூறிவிட்டுப் பின்னரே சோதித்தேன். நீங்கள் கருவிகளோடு பழகும்போதும், மனிதரோடு பழகும்போதும் அவர்கள் வழியையே பின்பற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.