அழகு நிலையக் காப்பீடு (இந்தியா)

அழகு நிலையம் நடத்துவோரின் சொத்தையும், வாடிக்கையாளருக்கு இழப்பீடு தரவேண்டிய பொறுப்பையும் காக்கும் பாலிசிகளின் தொகுப்பு.

கட்டடம், நாற்காலி, கருவிகள், சரக்கு ஆகியவற்றுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி பொருந்தும். ஓரிடத்தின் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தீ, வெள்ளம், புயல், கலவரச் சேதம் இதில் அடங்கும். கடை உடைத்துத் திருடினால் இது உதவாது. திருட்டுக் காப்பீடு தனியே வேண்டும்.

பலர் இத்தோடு நின்றுவிடுகிறார்கள். உண்மையான ஆபத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு நேர்வதில்தான் இருக்கிறது: ஹேர் டை ஒவ்வாமை, சூடான வேக்ஸால் தோல் வெந்துபோதல், லேசர் தழும்பு. வழுக்கி விழுந்தவருக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு. சேவைப் பிழைக்குத் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு. டெல்லி ஓட்டல் சலூன் ஒன்றில் முடியைத் தவறாக வெட்டியதற்கு 2021-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தொகையை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது.

லேசர், கெமிக்கல் பீல் செய்பவர்கள் அவற்றை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.