செவிக்குள் ஒரு தனியறை



பாடியவர்களுக்கும் இசைத்தவர்களுக்கும் இசை வரலாற்றில் நிறைய இடமுண்டு. கேட்டவர்களுக்கு அத்தனை இடமில்லை. வள்ளுவரோ 'கேள்வி' என ஓர் அதிகாரம் வகுத்து, செவிவழி வருவதைச் செல்வமென்றே போற்றினார். அந்தச் செல்வத்தை ஒரு மனிதன் தனித்திருந்து அனுபவிக்க முடிந்தது எப்போது? இன்று அந்தக் கதையைச் சற்று நோக்குவோம்.

"காதுக்குள்ளை வயரைக் கொழுவிக்கொண்டு திரியுதுகள்; கூப்பிட்டாலும் கேளாது" என்று எங்கள் பெரியவர்கள் குறைப்படுவதுண்டு. இது இந்தத் தலைமுறையின் நோய் என்பது அவர்கள் எண்ணம். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

ஒலிப்பதிவு தோன்றுமுன் இசைக்கு இருவர் வேண்டும். இசைப்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். யாழ் வாசித்து நிலம் பரிசாகப் பெற்ற பாணனைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு மரபுக்கதை உண்டு. அந்தப் பாணனைத் தன் முன்னே இருத்தி இசை கேட்க அரசனால் முடிந்தது. ஏழைக்குக் கோயில் வீதியே இசையரங்கு. அங்கும் ஊரோடு ஊராக நின்றுதான் கேட்கவேண்டும்.

1877 இல் எடிசன் தமது ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். 1889 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரின் மதுச்சாலை ஒன்றில், காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் கருவியொன்றை லூயிஸ் கிளாஸ் என்பவர் நிறுவினார். அதில் நான்கு குழாய்கள் இருந்தன. காசு போட்டவர் குழாயைக் காதில் பொருத்தினால் அவருக்கு மட்டும் பாட்டுக் கேட்கும். ஆகவே, காதில் மாட்டிக் கேட்கும் வழக்கம் நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை உடையது. ஊதுகுழல் பொருத்திய கிராமபோனும், பின்னர் வானொலியும் வீடுகளுக்குள் பரவியபோது இசை மீண்டும் கூட்டத்தின் சொத்தாயிற்று.

1979 ஜூலை முதலாந் திகதி ஜப்பானின் சோனி நிறுவனம் 'வோக்மன்' என்னும் சிறிய கசெற் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் விலை 33,000 யென். அதில் இருவர் சேர்ந்து கேட்பதற்காக இரண்டு காதொலிப்பான் துளைகளும், பாட்டைத் தணித்து இருவரும் பேசிக்கொள்வதற்கென ஒரு செம்மஞ்சள் நிறப் பொத்தானும் வைக்கப்பட்டிருந்தன. ஒருவர் மட்டும் கேட்பது பண்பற்ற செயலாகிவிடுமோ என்ற ஐயம் செய்தவர்களுக்கே இருந்தது. பின்னர் வந்த பெரும்பாலான மாதிரிகளில் அந்தப் பொத்தானும் இல்லை. இரண்டாவது துளையும் இல்லை.

அடுத்து வந்தது இறுவட்டு. 1982 ஒக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த முதலாவது இறுவட்டுக் கருவியின் விலை 168,000 யென். இரண்டே ஆண்டுகளில், 1984 நவம்பரில், கையில் எடுத்துச் செல்லத்தக்க 'டி-50' என்னும் கருவி 49,800 யென்னுக்கு வந்தது. விலை மூன்றிலொரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது. பன்னிரண்டு சென்ரிமீற்றர் வட்டு. அதிலுள்ள நுண்ணிய பள்ளங்களை லேசர் கதிர் படிக்கும். பழைய இசைத்தட்டில் ஊசி விளிம்பிலிருந்து உள்ளே செல்லும். இதிலோ கதிர் உள்ளிருந்து விளிம்புக்கு வரும். நடக்கும்போது அதிர்வினால் பாட்டுத் துள்ளிவிடுவது ஆரம்பத்தில் பெருங்குறை. சில விநாடிப் பாட்டை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் சேமித்து வைக்கும் முறை வந்தபின் அதுவும் குறைந்தது. விலையும் ஆண்டுதோறும் இறங்கியது.

உலகம் இவ்வாறு தனித்துக் கேட்கப் பழகிக்கொண்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணம் எதிர்த்திசையில் சென்றுகொண்டிருந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. அப்போது நான் பத்து வயதுச் சிறுவன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்போம். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். அயல்வீட்டார் முற்றத்தில் கூடியிருப்பார்கள், பெடல் கைமாறும். ஒருவர் உழைப்பில் பத்துப் பேர் கேட்டோம். அந்த ஒற்றுமையை இன்று பலர் ஏக்கத்தோடு நினைவுகூருகிறார்கள். ஆனால் அது நாங்கள் விரும்பித் தேர்ந்த ஒற்றுமையன்று. தடை எங்கள்மீது சுமத்தியது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பாடசாலை வகுப்பறையொன்றில் பல குடும்பங்கள் சேலைகளைத் திரையாகக் கட்டி வாழ்ந்தன. அழுவதற்குக்கூடத் தனியிடம் இல்லை. தனிமை என்பது ஒரு செல்வம் என்று அங்கேதான் அறிந்தேன்.

2002 இல் ஏ9 வீதி திறந்தது; கொழும்புப் பொருட்கள் வந்து சேர்ந்தன. பல்கலைக்கழக மாணவனாக விடுதியறையில் நால்வரோடு இருந்த நான், மிச்சம் பிடித்த காசில் பெயர் அறியாத மலிவான கையடக்க இறுவட்டுக் கருவியொன்றை வாங்கினேன். முதலிற் கேட்டது, 1975 இல் மறைந்த ஈழத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி அவர்களின் பழைய ஒலிப்பதிவு. கூடு அணிந்த விரல் தோலில் படும் ஒலியும், கழி படும் ஒலியும் வேறுவேறாகக் கேட்டன. அறையில் மற்றவர்கள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்கள் நடுவில் இருந்தபடியே எனக்கென ஓர் அறை கிடைத்தது. கதவில்லாத, வாடகையில்லாத அறை. அரசனுக்கு மட்டும் வாய்த்திருந்த அந்தத் தனியிருக்கை, சில பற்றரிகளின் விலையில் ஒரு மாணவனுக்கும் வாய்த்தது. மறுநாளே அறை நண்பர் ஒருவர் "எனக்கும் ஒருக்கால் தாரும்" என்று கேட்டு வாங்கிக் கேட்டார். பின்பு அந்தத் தவிலைப் பற்றி நாங்கள் நள்ளிரவுவரை உரையாடினோம். தனித்துக் கேட்டிராவிட்டால் பகிர்ந்துகொள்ள எங்களிடம் அவ்வளவு இருந்திராது.

இன்று இறுவட்டுக் கருவியும் பழம்பொருளாகிவிட்டது. கைத்தொலைபேசி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காதொலிப்பானுடன் ஒரு பிள்ளை மூலையில் இருப்பதைக் கண்டால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், அந்தப் பிள்ளைக்கென அங்கே எத்தனை அடி நிலம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பாட்டு முடியட்டும். பிறகு, "என்ன பிள்ளை கேட்டனீர்?" என்று கேளுங்கள். வோக்மனைச் செய்தவர்கள் ஒரு பொத்தானால் செய்ய முயன்றதை அந்தக் கேள்வி செய்துவிடும்.