ட்ரங்குப் பெட்டியும் ஒரேயொரு ஸ்கேனரும்

பதுளைப் பக்கம் எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும், கட்டிலுக்குக் கீழே ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும். பெட்டிக்குள் பட்டுச் சேலை இருக்கிறதோ இல்லையோ, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடதாசிக் கட்டு கட்டாயம் இருக்கும். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, பழைய சம்பளத் துண்டு, பிரஜாவுரிமைச் சான்றிதழ், இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர் எழுதிய கடிதம். யார் கேட்டாலும் காட்டுவார்கள். ஆனால் கையில் கொடுத்தனுப்ப மாட்டார்கள். "இங்கயே உக்காந்து பாருங்க, வெளிய கொண்டு போகாதீங்க"ன்னு சொல்லிவிடுவார்கள்.

படித்த பிள்ளைகள் சிலருக்கு இது கிழடுகளின் பிடிவாதமாகத் தெரியும். இந்தப் பிடிவாதத்துக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட காரணம் இருக்கிறது. முதலில் அந்தக் காரணத்தைச் சொல்கிறோம். பிறகு, ஒரு ஸ்கேனரைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம்.

தோட்டத்துக்கு வந்த நம்மாட்கள் முதலில் கண்ட கடதாசி எதுவும் அவர்களுடைய உரிமையைச் சொல்லவில்லை. அவர்கள் பட்ட கடனைத்தான் சொன்னது. 'துண்டு' என்று ஒரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவரை விடுவிக்கலாம் என்று எழுதிய சீட்டு வேணும். மனுசனின் விலையை எழுதிய சீட்டு அது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1900களின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கட்டிலும் கதை அதேதான். தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த ஒரு தகர வில்லை. அது கையில் இருந்தால் எந்தத் தோட்டத்து ஆள் என்று வழியில் உள்ளவர்களுக்குத் தெரியும். அதில் பேர் கிடையாது.

1948இல் நிலைமை தலைகீழானது. அதுவரை கடதாசி ஆளைக் கட்டிப்போட்டது. இப்போது கடதாசி இல்லாததே ஆளை வெளியே தள்ளியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்டவேண்டும். இல்லையென்றால் அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டவேண்டும். லயத்துக் காம்பராவில் பிரசவம் பார்த்த காலத்தில் எத்தனை பிறப்பு பதிவாகியிருக்கும்? பதிந்தாலும், பேரை எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு கடதாசியில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி, மூன்றாவதில் அடையாளமே தெரியாத எழுத்துக்கூட்டல். ஒரே பொம்பிளை மூன்று ஆளாகிவிடுவார்.

அடுத்து 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. கல்யாணமானவர் 7 வருசமும், ஆகாதவர் 10 வருசமும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததாக நிரூபிக்கவேண்டும். சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போனது. கடைசியில் கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் கணக்குப் போட்டுப் பிரிக்கப்பட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். 2003இல் வந்த 35ஆம் இலக்கச் சட்டம்தான் பெரிய கதவைத் திறந்தது. அதுவும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் என்றுதான் சொன்னது. அதாவது, மறுபடியும் பழைய திகதி, மறுபடியும் பழைய கடதாசி.

இப்போது அப்பாயி ஏன் பெட்டியைப் பூட்டுகிறார் என்று விளங்கும். ஒரு துண்டுக் கடதாசி தொலைந்தால் ஒரு பரம்பரையே தொலையும் என்பதை அவர் வாழ்ந்து பார்த்திருக்கிறார்.

ஆனால் பெட்டிக்குள் இருந்தால் கடதாசி பத்திரம் என்றும் சொல்ல முடியாது. மலையகத்து ஈரம், கறையான், கூரை ஒழுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. எத்தனை பேர் புதைந்தார்கள் என்ற எண்ணிக்கை அடுத்து வந்த நாட்களில் மாறிக்கொண்டே இருந்தது. மூடிய வீடுகளின் பெட்டிகளும் மண்ணுக்குள்தான் போயின. அதற்கு 33 வருசத்துக்கு முன், 1981இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. மண்ணோ நெருப்போ, ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் முடிவு ஒன்றுதான்.

ஆக, பிரதி எடுக்கவேண்டும். கடதாசியோ வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஸ்கேனரின் வரலாறு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

1957இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தன் கைக்குழந்தையின் படத்தை ஒரு கருவியில் வைத்துக் கணினிக்குள் ஏற்றினார். அகலத்தில் 176 புள்ளி, உயரத்தில் 176 புள்ளி. உலகத்தின் முதல் ஸ்கேன் படம் என்று சொல்லப்படுவது ஒரு குடும்பப் படம் என்பது நமக்குப் பிடித்த விசயம். அதற்குப் பிறகு ஸ்கேனர் வளர்ந்தது அலுவலகங்களில். அங்கேதான் ஒரு பாரபட்சம் ஆரம்பித்தது.

1992ஐ எடுத்துக்கொள்வோம். நம்ம தோட்டங்களின் நிர்வாகம் அரசிடமிருந்து தனியார் கம்பனிகளுக்குக் கைமாறிய வருசம் அது. அதே வருசம் விண்டோஸின் ஒரு பதிப்பு, ஒரு அலுவலகத்தின் பிரிண்டரை எல்லாக் கணினிகளும் பகிரும் வசதியோடு வெளிவந்தது. அதே வருசம்தான் ஸ்கேனருக்கான 'ட்வெய்ன்' என்ற பொது முறையும் வந்தது. பிரிண்டரைப் பகிர்ந்தார்கள்; ஸ்கேனரைப் பகிரவில்லை. ட்வெய்ன் முறையில் ஸ்கேனரை ஓட்டும் மென்பொருளும் திரையில் தெரியும் பொத்தான்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஸ்கேனர் எந்தக் கணினியில் செருகியிருக்கிறதோ, அந்தக் கணினிக்கு முன்னால்தான் உட்காரவேண்டும்.

தொழில்நுட்பக் காரணம் அது. எங்களுக்கு அதில் ஒரு அரசியலும் தெரிகிறது. பிரிண்டரில் வருவது மேலே இருந்து கீழே வரும் கடதாசி: உத்தரவு, படிவம், பில். ஸ்கேனரில் போவது கீழே இருந்து மேலே போகும் கடதாசி: நம்ம ஆதாரம். மேலே இருந்து வருவதைப் பகிர வழி சீக்கிரமே வந்தது.

அந்த ஒட்டைப் பிரித்தவர்கள் 1990களின் பிற்பகுதியில் டேவிட் மோஸ்பர்கர், ஆண்ட்ரியாஸ் பெக் போன்றவர்கள். லினக்ஸ் முதலான இயங்குதளங்களுக்கு அவர்கள் எழுதிய இலவச மென்பொருள் 'சேன்'. அதில் ஸ்கேனரை ஓட்டும் பகுதி வேறு, ஆள் பார்த்து அழுத்தும் பகுதி வேறு. இரண்டும் தனித்தனி என்பதால் ஒன்று இந்தக் கணினியிலும் மற்றது அந்தக் கணினியிலும் இருக்கலாம். நடுவில் வலையமைப்பு போதும். யூஎஸ்பி கம்பி ஐந்து மீற்றருக்கு மேல் போகாது; வைஃபை லயத்துச் சுவரைத் தாண்டிப் போகும். இப்போது வரும் பல ஸ்கேனர்கள் எந்தக் கணினியின் உதவியும் இல்லாமல் தாங்களே வைஃபையில் நிற்கின்றன. ஆனால் நம்ம கைக்கு வருவது பெரும்பாலும் பழைய யூஎஸ்பி ஸ்கேனர்தானே. சேன் அதற்கும் உயிர் கொடுக்கிறது.

நடைமுறையில் இது இப்படி. லினக்ஸ் போட்ட ஒரு பழைய மடிக்கணினியில் ஸ்கேனரைச் செருகி, சேனின் பகிர்வுச் சேவையை இயக்கவேண்டும். அதன் அனுமதிப் பட்டியலில் மற்றக் கணினிகளின் வலை முகவரிகளை எழுதவேண்டும். பட்டியலில் இல்லாத கணினிக்குக் கதவு திறக்காது. மற்றக் கணினிகளில் ஸ்கேனர் இருக்கும் கணினியின் முகவரியை எழுதினால், தன்னுடைய ஸ்கேனர் மாதிரியே அது தெரியும். இணையம் வேண்டாம், டேட்டா வேண்டாம். ஒரு சின்ன ரவுட்டர் போதும். சிக்னல் கிடைக்காத மேற்பிரிவுத் தோட்டத்திலும் வேலை நடக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஸ்கேன் செய்யலாம். மற்றவருக்கு ஸ்கேனர் வேலையில் இருக்கிறது என்று காட்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் ஒரு ஏ4 பக்கம் நிறத்தோடு சுருக்காமல் சுமார் 26 மெகாபைட். தேய்ந்த முத்திரை, மங்கிய பென்சில் எழுத்து என்றால் 600 வைக்கலாம், அளவு நாலு மடங்காகும்.

போன் இருக்கும்போது இதெல்லாம் எதுக்குன்னு கேட்கலாம். அவசரத்துக்குப் போன் சரி. ஆனால் படம் ஒரு ஆளின் போனில் கிடக்கும், வாட்ஸ்அப்பில் போகும்போது சுருங்கும், மடிப்பின் நிழலில் ஒரு இலக்கம் மறையும். அந்த ஒரு இலக்கம்தான் பிரதேச செயலகத்தில் கேட்கப்படும்.

பகிர்ந்த ஸ்கேனரின் உண்மையான லாபம் வேலையைப் பிரிப்பதில் இருக்கிறது. கண்ணாடிமேல் கடதாசியை வைப்பவர் பெட்டியின் சொந்தக்காரர். அவருடைய கை, அவருடைய கண்பார்வை. பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை படத்தைத் திரையில் பார்த்து, பேர், திகதி, தோட்டம், பிரிவு என்று கோப்புக்குப் பேர் வைக்கிறது. இன்னொரு கணினியில் ஆங்கிலமோ சிங்களமோ நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் கையெழுத்தைப் படித்துத் தமிழில் எழுதுகிறார். "தாத்தா பேருக்கு முன்னால இது என்ன எழுத்து?"ன்னு சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டால், அந்தப் பக்கம் இருந்து அப்பாயி பதில் சொல்வார். லெட்சுமியும் லட்சுமியும் ஒரே ஆள்தான் என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. அவர்தான் சொல்லவேண்டும். அந்தப் பதில் அவரோடு போய்விடுவதற்குள் எழுதிவைக்கவேண்டும்.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் சேர்த்துவைத்திருக்கிறது. மலையக வெளியீடுகளும் அதில் இருக்கின்றன. அச்சில் வந்தவற்றுக்கு அது பெரிய பாதுகாப்பு. அச்சில் வராத நம்ம வீட்டுக் கடதாசிக்கு முதல் காப்பகம் நம்ம வீடுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பகிர்வது வேறு, பரப்புவது வேறு. சேன் அனுப்பும் படம் பூட்டுப் போடாமல்தான் வலையில் போகிறது. அதனால் ரவுட்டருக்கு நல்ல கடவுச்சொல் வேணும், அனுமதிப் பட்டியல் குறுகியதாக இருக்கவேணும். அடையாள அட்டை இலக்கம் உள்ள எதையும் பேஸ்புக்கில் போடக்கூடாது. வேலை முடிந்ததும் ஒரு பிரதியைப் பென் டிரைவில் அந்த வீட்டுக்காரரிடமே கொடுக்கவேண்டும். இன்னொரு பிரதி வேறொரு ஊரில், அவர் நம்பும் ஒருவரிடம் இருக்கட்டும். எதை யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்பவர் பெட்டியின் சொந்தக்காரர் மட்டும்தான்.

துண்டிலிருந்து 2003 வரை நம்மைப் பற்றிய கடதாசியை எழுதியதும் வைத்திருந்ததும் வேறு யாரோ. கங்காணி வைத்திருந்தார், துரை வைத்திருந்தார், கச்சேரி வைத்திருந்தது. நம்ம கையில் மிஞ்சியது பெட்டியில் இருக்கும் அந்தக் கட்டு மட்டும்தான். வரும் அடைமழைக்கு முன், உங்கள் லயத்தில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு லயத்துக்கு ஒரு ஸ்கேனர் போதும்.