புனித வீரனும் துப்பாக்கியும்: ஒரு விளையாட்டு எழுப்பிய வரலாற்று வினா



என் முன்னாள் மாணவர்கள் நால்வர், இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்பவர்கள், ஒரு வழக்கைத் தீர்த்து வைக்குமாறு என்னிடம் வந்தனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டில் அவர்களுக்கு மிகுந்த ஈடுபாடு. அதற்கெனத் தாங்களே ஒரு கற்பனை நாட்டை வரைந்து வைத்திருந்தனர். கடவுளின் பெயரால் உறுதிமொழி ஏற்று அறம் காக்கும் கவச வீரர்கள் அந்நாட்டில் உண்டு. அங்கே துப்பாக்கியும் வேண்டும் என்றான் ஒருவன். துப்பாக்கி வந்துவிட்டால் கவச வீரனுக்கு என்ன வேலை என்று மறுத்தான் இன்னொருவன். "ஐயா, இரண்டும் ஒரே காலத்தில் இருந்தனவா?" என்பதே அவர்கள் கேட்ட வினா.

"இருந்தன" என்று ஒரே சொல்லில் விடை கூறியிருக்கலாம். எனினும், அவ்விடைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு பிள்ளைகள் மட்டுமன்றி நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கவசத்திற்கு மூத்தது துப்பாக்கி

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. 'பாலடின்' எனப்படும் புனித வீரன் அதற்கு அடுத்த ஆண்டே அதில் இடம்பெற்றான். சார்லமேன் பேரரசரின் தோழர்களைப் பற்றிய பழங்கதைகளிலிருந்து வந்த பெயர் அது. தலை முதல் கால் வரை எஃகுத் தகடு பூண்ட உருவமாகவே பிள்ளைகள் அவனைக் கற்பனை செய்கின்றனர்.

ஆனால் அந்த முழுத் தகட்டுக் கவசம் ஐரோப்பாவில் முழுமை பெற்றது 15ஆம் நூற்றாண்டில்தான். பீரங்கியின் ஓவியமோ 1326ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கையெழுத்துப்படி ஒன்றிலேயே காணப்படுகிறது. கவசம் வெடிமருந்துக்கு இளையது! பின்னாளில் கவசக் கொல்லர்கள் மார்புத் தகட்டின் மீது தாங்களே சுட்டுப் பார்த்து, குண்டு பதிந்த பள்ளத்தைத் தரத்திற்குச் சான்றாக விட்டு வைத்தனர். இரண்டும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஒன்றாகவே போர்க்களம் கண்டன.

கடலில் எறியப்பட்ட ஆயுதம்

என் மாணவர்களின் வழக்கு புதியதன்று. இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோ தம் 'ஒர்லாந்தோ ஃபுரியோசோ' காவியத்தின் 1532ஆம் ஆண்டுப் பதிப்பில் இதே சிக்கலைக் கையாண்டுள்ளார். கதைநாயகன் ஒர்லாந்தோ ஒரு பாலடின். துப்பாக்கி வைத்திருந்த கொடிய மன்னன் ஒருவனை வென்றபின், கோழையும் வீரனைக் கொல்ல வழி செய்யும் அந்த ஆயுதத்தை ஆழ்கடலில் எறிந்துவிடுகிறான். ஆனால் பின்னர் மந்திரத்தால் அது மீட்கப்பட்டு மீண்டும் உலகில் பரவுகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. அரியோஸ்தோவை ஆதரித்த ஃபெராரா கோமகன் முதலாம் அல்ஃபோன்சோ பீரங்கி வார்ப்பதில் பெயர் பெற்றவர். 1512ஆம் ஆண்டு ரவென்னா போரில் அவருடைய பீரங்கிகள் பேரழிவு விளைவித்தன. கற்பனையில் துப்பாக்கியைக் கடலில் எறிந்த கவிஞர், வாழ்வில் பீரங்கி வார்ப்பவரின் உணவை உண்டார். கற்பனை உலகம் படைப்பவர் எவருக்கும் இந்த உறுத்தல் பொதுவானது போலும்.

உறுதிமொழியும் வெடிமருந்தும்

மெய்யான புனித வீரர்களோ துப்பாக்கியை எறியவில்லை, விரும்பியே ஏற்றனர்.

1415ஆம் ஆண்டு சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எரித்துக் கொல்லப்பட்டபின், பொகீமிய நாட்டில் அவரைப் பின்பற்றியோர் ஆயுதம் ஏந்தினர். அவர்களுள் பலர் உழவர்கள். தளபதி யான் ஷிஷ்கா வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டையாக்கி, உள்ளிருந்து கைத்துப்பாக்கிகளாலும் சிறு பீரங்கிகளாலும் சுடச் செய்தார். 1420ஆம் ஆண்டு முதல் அவர்கள்மீது ஏவப்பட்ட சிலுவைப் படைகள் அடுத்தடுத்துத் தோற்றன. ஒரு பிரபுவின் மகன் வீரனாவதற்குச் சிறு வயது முதல் பயில வேண்டும். குதிரையும் கவசமும் வேண்டும். உழவனுக்குத் துப்பாக்கி பழகச் சில வாரங்கள் போதும். வெடிமருந்து புனித வீரனை ஒழிக்கவில்லை. யார் புனித வீரனாகலாம் என்ற வரையறையையே மாற்றியது.

சப்பானிலும் இதே நிலைதான். 1543ஆம் ஆண்டு போர்த்துகீசியர் வழியாகத் தானெகாஷிமா தீவுக்குத் துப்பாக்கி வந்தது. 1570 முதல் 1580 வரை, ஒசாகாவிலிருந்த ஹொங்கான்ஜி எனும் பௌத்த மடத்தின் அடியார்கள் ஒடா நொபுனாகாவின் பெரும்படையைத் துப்பாக்கிகளோடு எதிர்த்து நின்றனர்.

இவ்விரு சாராரையும் விட என் மாணவர்களின் கற்பனைக்கு மிக நெருக்கமானவர்கள் புனித யோவான் சபையின் வீரர்கள். எருசலேமில் நோயுற்ற பயணிகளுக்கு மருத்துவமனை நடத்தத் தோன்றிய அச்சபையைப் போப்பாண்டவர் 1113ஆம் ஆண்டு அங்கீகரித்தார். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று உறுதிமொழிகளை ஏற்ற துறவிகளே அதன் வீரர்கள். பின்னர் ரோட்ஸ் தீவை ஆண்ட அவர்கள் 1522ஆம் ஆண்டு அதனை உதுமானியப் பேரரசர் சுலைமானிடம் இழந்து, 1530இல் மால்டா தீவைப் பெற்றனர்.

1565ஆம் ஆண்டு மே மாதம் உதுமானியப் படை மால்டாவை முற்றுகையிட்டது. ஏறத்தாழ 500 சபை வீரர்களும் மால்டா மக்களும் பிற படையினருமாகச் சில ஆயிரம் பேர், தங்களைவிடப் பன்மடங்கு பெரிய படையை எதிர்த்தனர். தகட்டுக் கவசம், வாள், துப்பாக்கி, பீரங்கி, எரியும் வளையங்கள் என யாவும் ஒரே மதிலின்மேல் நின்றன. நான்கு மாதங்களுக்குப் பின், செப்டம்பரில் முற்றுகை விலகியது.

யாரும் பகடை உருட்டாத இடம்

இதுவரை கேட்டபோது பிள்ளைகளின் கண்கள் ஒளிர்ந்தன. அடுத்த பகுதியைக் கூறலாமா என்று தயங்கி, பின்னர் கூறினேன்.

ஜூன் 23ஆம் நாள் புனித எல்மோ கோட்டை வீழ்ந்தது. உதுமானியத் தளபதி, இறந்த சபை வீரர்கள் சிலரின் தலையற்ற உடல்களை மரச்சிலுவைகளில் கட்டித் துறைமுக நீரில் மிதக்கவிட்டார். அதற்கு மறுமொழியாகச் சபைத் தலைவர் லா வலெத், தம்மிடமிருந்த துருக்கியக் கைதிகளைக் கொன்று, அவர்தம் தலைகளைப் பீரங்கியில் இட்டு எதிரியின் பாசறைக்குள் சுடச் செய்தார். நோயாளிக்குத் தொண்டு செய்வதாக உறுதி பூண்ட சபையின் தலைவர் செய்த செயல் இது. இறைவன் தம் பக்கமே என்று இரு தரப்பும் நம்பின.

நால்வரும் சற்று நேரம் பேசவில்லை.

இதனைத் தொலைதூரக் கதையென்று நாம் தள்ளிவிட இயலாது. நம் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் மலாக்காவில், அ ஃபமோசா கோட்டையில் எஞ்சி நிற்கும் வாயிலின் பெயர் 'போர்ட்டா டி சந்தியாகோ'. 1511ஆம் ஆண்டு மலாக்காவைத் தாக்கிய அல்புகர்க்கே, சந்தியாகோ எனும் புனிதரின் பெயரிலமைந்த போர்வீரர் சபையைச் சேர்ந்தவர். தம் முதல் தாக்குதலை அப்புனிதரின் திருநாளான ஜூலை 25ஆம் நாளில் தொடங்கினார். அவருடைய கப்பல்களில் பீரங்கிகள் இருந்தன. மலாக்காவிடமும் பீரங்கிகள் இருந்தன. புனித வீரனும் வெடிமருந்தும் கைகோத்து வந்த வழி நம் நாட்டிலேயே கல்லாய் நிற்கிறது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

நான் வழங்கிய தீர்ப்பு

ஆகவே, "துப்பாக்கியைச் சேர்த்துக் கொள்ளுங்கள், ஆனால் அதன் விலையையும் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று அவர்களிடம் கூறினேன். அக்காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு நிரப்ப அரை நிமிடமேனும் ஆகும். மழை பெய்தால் திரி அணையும். இருளில் திரியின் கனல் வீரனைக் காட்டிக் கொடுக்கும். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் வேண்டும். அவற்றை யார் தருகிறார், யார் விலை கொடுக்கிறார் என்பதும் கதையில் வரவேண்டும். இவை விதிமுறைகள், எழுதிவிடலாம்.

எழுதக் கடினமானது உறுதிமொழி. சரணடைந்தவனைச் சுடலாமா? தலைவன் ஆணையிட்டால் கைதியைக் கொல்லலாமா? வாளால் வெட்டுபவன் எதிரியின் முகத்தைப் பார்க்கிறான். தொலைவிலிருந்து சுடுபவனுக்கு அந்த முகம் தெரிவதில்லை. ஆயுதம் எளிதாக ஆக, உறுதிமொழி கனமாக வேண்டும். அப்படி ஆகாதபோது என்ன நிகழும் என்பதற்கு மால்டாவே சான்று.

புனித யோவான் சபை 1798ஆம் ஆண்டு நெப்போலியனிடம் மால்டாவை இழந்தது. ஆயினும் சபை அழியவில்லை. இன்று உரோமைத் தலைமையிடமாகக் கொண்டு உலகின் பல நாடுகளில் மருத்துவப் பணி செய்து வருகிறது. வாள் போயிற்று, பீரங்கி போயிற்று, கோட்டையும் போயிற்று. எந்தத் தொண்டுக்காகத் தோன்றியதோ அந்தத் தொண்டு மட்டும் நிலைத்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை இத்தகைய விளையாட்டில் ஈடுபட்டால் உடனே தடை விதிக்க வேண்டா. அருகில் அமர்ந்து, "உன் வீரன் எதைச் செய்ய மாட்டான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆசிரியர்களே, அடுத்த முறை மலாக்காவிற்குச் சென்றால் அவ்வாயிலின் முன் இக்கதையைக் கூறுங்கள்.

அந்த நால்வரும் தங்கள் கற்பனை நாட்டில் இப்போது துப்பாக்கியைச் சேர்த்துவிட்டனர். வீரர் சபைக்கு மருத்துவமனை ஒன்றையும் கட்டியுள்ளனர். அதனை நான் சொல்லித் தரவில்லை.