கார் அடியில சுத்துற குழாயும் கோயம்புத்தூர் கரிவர்தனும்

நெருப்பெரிச்சல்ல இருந்து இந்த வாரத்து எபிசோட். பழைய கான்டெஸ்ஸா வச்சிருக்கிற நேயர் ஒருத்தர் கேள்வி அனுப்பியிருக்காரு. பவர் கூடின இன்ஜின் ஒண்ணை அதுல மாத்தியிருக்காராம். அடியில ஓடுற இரும்பு ப்ரொபெல்லர் ஷாப்ட்டைக் கழட்டிட்டு அலுமினியத்துல போடலாமா? பதில் இருக்கு. ஆனா இது சரித்திர நிகழ்ச்சி, சுத்தித்தான் வருவேன்.

அம்பாசிடர்ல பின்சீட்டு நடுவுல உட்கார்ந்தவங்களுக்கு அந்த ஷாப்ட்டைத் தெரியும். காலை வைக்க விடாம ஒரு மேடு இருக்குமே, அதுக்குக் கீழதான் அது சுத்துது. இன்ஜின் முன்னாடி, ஓட்டுற சக்கரம் பின்னாடி. ரெண்டையும் சேர்க்க நீளமா ஒரு குழாய், ரெண்டு முனையிலும் கிராஸ். டாப் கியர்ல இன்ஜின் எத்தனை சுத்து சுத்துதோ, அத்தனை சுத்து ஷாப்ட்டும் சுத்தும்.

சுத்துற எந்தத் தண்டுக்கும் ஒரு ஆபத்தான வேகம் உண்டு. இதை நம்ம பக்கத்துல விளக்கவே வேண்டாம். ஸ்பின்னிங் மில்லுல ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 20,000 சுத்து வரைக்கும் போகும். குட்டையா இருக்கிறதாலதான் தாங்குது. அதையே ஒண்ணரை மீட்டர் நீளத்துக்கு இழுத்தா, அந்த வேகத்துக்கு ரொம்ப முன்னாடியே வில்லு மாதிரி வளைஞ்சு, ஸ்கிப்பிங் கயிறு மாதிரி வீச ஆரம்பிச்சிடும்.

சரி, அலுமினியம் போட்டா? இங்கதான் விளம்பரத்துல சொல்லாத விஷயம். அலுமினியத்தோட எடை இரும்புல மூணுல ஒரு பங்கு. ஆனா அதோட விறைப்பும் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். ஒண்ணை ஒண்ணு அடிச்சிடுது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒண்ணரை மீட்டர் நீளம், 75 மில்லிமீட்டர் விட்டம்னா இரும்புக் குழாய்க்கு ஆபத்து வேகம் சுமார் 5,400. அதே அளவு அலுமினியக் குழாய்க்கும் ஏறக்குறைய அதேதான்! லாபம் எங்கன்னா, எடை கம்மிங்கிறதால விட்டத்தைப் பெருசாக்கலாம். 90 மில்லிமீட்டர் போட்டா 6,400 பக்கம் போகுது. நீளத்தைப் பாதியாக்கினா நாலு மடங்கு. லாரியில ஷாப்ட்டை ரெண்டாக்கி நடுவுல சென்டர் பேரிங் போடுறது இதுக்குத்தான். இன்ஜினீயரிங்ல இந்த ஃபார்முலாவை எழுதி மார்க் வாங்கினோம், லாரிக்கு அடியில ஒரு தடவையாவது குனிஞ்சு பார்த்தோமா?

இப்ப கரிவர்தனுக்கு வருவோம். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலத்துல இங்க ரேஸ்னா சோழவரம், இரண்டாம் உலகப் போர் சமயத்து விமான ஓடுதளம். வெளிநாட்டு ரேஸ் கார் இறக்குமதி பண்ண ராஜாவாவோ பெரிய முதலாளியாவோ இருக்கணும். மத்தவங்களுக்கு ஃபியட்டையும் அம்பாசிடரையும் குடைஞ்சு எடுக்கிற வேலைதான்.

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்துச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர். பார்க்க ரேஸ் சமாச்சாரமே இல்ல. ஆனா முன்சக்கர டிரைவ். இன்ஜினும் கியர் பாக்ஸும் டிஃபரென்ஷியலும் ஒரே மூட்டையா இருந்துச்சு. கரிவர்தன் அந்த மூட்டையை அப்படியே தூக்கி டிரைவருக்குப் பின்னாடி வச்சாரு. இரும்புக் குழாய்ச் சட்டம், ஒத்தை சீட்டு, திறந்த சக்கரம். 1988-ல ஃபார்முலா மாருதி வந்துச்சு. நீள ஷாப்ட்டே அதுல கிடையாது. சக்கரத்துக்குப் போற ரெண்டு குட்டை ஷாப்ட் மட்டும். எதுல பண்றதுங்கிற கேள்வியையே அவரு எடுத்துப் போட்டுட்டாரு. என் கணக்குல அவரோட பெரிய வேலை இதுதான்: ஸ்பேர் பார்ட்ஸ் எந்த ஊர்லயும் கிடைக்கிற ரேஸ் கார். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதி ஓட்டி வளர்ந்தவருதான். 2005-ல ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்கே போனாரு. கரிவர்தன் அதைப் பார்க்கல. 1995-ல விமான விபத்துல போயிட்டாரு. செட்டிபாளையத்துல 2003-ல வந்த கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அவரோட பேருதான்.

கான்டெஸ்ஸாக்காரருக்கு: உங்களுக்கு அந்த வசதி இல்ல, குழாய் இருந்தே ஆகணும். அலுமினியம் போடலாம், ஆனா பழைய விட்டத்துலயே கேட்டு வாங்காதீங்க, காசு தண்டம். மேட்டுக்குள்ள எவ்வளவு பெரிய குழாய் இடிக்காம சுத்தும்னு முதல்ல அளங்க. நீளத்தை அளக்கும்போது சக்கரம் தரையில நிக்கணும். ஜாக்கில தூக்கி அளந்தா அளவு மாறிடும். ரெண்டு முனை கிராஸும் ஒரே நேர்ல இருக்கணும், கியர் பாக்ஸ் பக்கமும் ஆக்ஸில் பக்கமும் சாய்வு சமமா இருக்கணும், இல்லன்னா புது ஷாப்ட்டும் அதிரும். குழாயை வைஸ்ல நெருக்கிப் பிடிக்க விடாதீங்க, ஒரு நசுங்கல் விழுந்தாலே அந்த ஷாப்ட் போச்சு. பேலன்ஸ் பண்ணாம மாட்டாதீங்க.

அப்புறம் முன் கிராஸ் பக்கத்துல குழாயைச் சுத்தி ஒரு இரும்பு வளையம், பாடியோட போல்ட் போட்டு. முன் முனை கழண்டு ரோட்டுல குத்தினா, கார் பின்பக்கம் தூக்கிடும். ஷாப்ட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே அந்த வளையத்தை அடிச்சு வாங்கிடுங்க.