டிசம்பர் 25: இரண்டு தீ

தோழர்களே, ஆண்டின் கடைசி வாரத்தை நாம் இரண்டு தீயோடுதான் நினைவுகூர வேண்டியிருக்கிறது. இரண்டும் டிசம்பர் 25 இரவில், 41 ஆண்டு இடைவெளியில் எரிந்தவை. ஒன்று நாம் மூட்டியது. மற்றது நம்மீது மூட்டப்பட்டது.

1927 மார்ச் 20 அன்று, மகாராஷ்டிரத்தின் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி முன்பே தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் சாதி இந்துக்கள் அவர்களைத் தாக்கினார்கள். பிறகு குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். டிசம்பரில் மீண்டும் கூடியபோது நீதிமன்றத் தடை குறுக்கே நின்றது. அன்றிரவு மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. எரிந்தது ஒரு நூல். ஓர் உயிருக்கும் அந்தத் தீயால் சேதமில்லை. குளத்தின் மீதான நம் உரிமையை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆயிற்று.

1968இல் கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணி. விவசாயக் கூலிகள் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, கூலி நெல்லை உயர்த்திக் கேட்டார்கள். கொடியை இறக்கச் சொன்னார்கள் நிலக்கிழார்கள், இவர்கள் இறக்கவில்லை. டிசம்பர் 25 இரவு சேரி தாக்கப்பட்டது. ஒரே குடிசைக்குள் தஞ்சம் புகுந்த பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதல்ல என்று கருதியது அந்தத் தீர்ப்பு.

வெண்மணியைக் 'கூலித் தகராறு' என்று சொல்வோர் இன்றும் உண்டு. கூலி கேட்டது உண்மை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கைக்குழந்தை எந்தக் கூலியைக் கேட்டது? தகராறு கூலியோடு மட்டும் என்றால் தீ ஏன் சேரிக்கு வந்தது? குளத்தில் கைவைத்தவனை அடித்த அதே சாதிதான், கூலி உயர்த்திக் கேட்டவனின் குடும்பத்தையும் எரித்தது. சாதியை விட்டுவிட்டுக் கூலியையும், கூலியை விட்டுவிட்டுச் சாதியையும் பேசினால் வெண்மணி நமக்குப் புரியாது.

இந்த ஆண்டு வெண்மணிக்குச் செல்லும் மாணவத் தோழர்கள் மாலையோடு அந்தத் தீர்ப்பின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். நினைவிடத்தில் உட்கார்ந்து, அதை உரக்கப் படியுங்கள்.