குவளையில் நிற்கும் கசப்பு

ஜின் ஒரு பங்கு, டொனிக் நீர் மூன்று பங்கு, பிழிந்த தேசிக்காய்ச் சாறு, கையால் மெல்லக் கசக்கிய புதினா இலை, பனிக்கட்டி: விருந்துகளில் வழங்கப்பெறும் குளிர்பானம் ஒன்றின் பக்குவம் இவ்வளவே. தேசிக்காயின் புளிப்பையும் புதினாவின் மணத்தையும் போற்றுவோர் பலர். அடியில் நிற்கும் கசப்பு எங்கிருந்து வந்ததென வினவுவோர் சிலரே.

அக்கசப்பு, கொயினா எனப்படும் குயினைனுக்கு உரியது. தென் அமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து 1820 இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். மலேரியாக் காய்ச்சலுக்கு அதுவே அந்நாளின் அருமருந்து. அதன் கடுங்கசப்பைத் தணிக்கவே சர்க்கரையும் சோடாவும் சேர்ந்தன. 1858 இல் இலண்டனில் எராஸ்மஸ் பொண்ட் என்பவர் டொனிக் நீருக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் அதனோடு ஜின்னைச் சேர்த்தனர். மருந்து விருந்தாயிற்று.

இவ்வரலாற்றில் கண்டி மலைநாட்டிற்கும் பங்குண்டு. பேராதனையிலிருந்து கெலிஓயா வழியே கம்பளைக்குச் செல்லும் பாதையைச் சூழ்ந்த மலைகள் ஒரு காலத்தில் கோப்பி விளைந்தவை. 1861 இல், பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் காலத்தில், ஹக்கலையில் சிங்கோனாவுக்கெனத் தோட்டம் அமைந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்கத் தொடங்கவே, தோட்டத்துரைமார் சிங்கோனாவை நாடினர். லூல்கந்துரையில் தேயிலை வளர்த்த ஜேம்ஸ் டெயிலரும் அதனைப் பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பட்டையை உரித்தனர். 1880களின் நடுப்பகுதியில் ஓராண்டிலேயே ஏறத்தாழ ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. சந்தை நிரம்பியது; விலை சரிந்தது. மரங்கள் பிடுங்கப்பட்டன, அவ்விடங்களில் தேயிலை நின்றது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1934 இல் மழை பொய்த்தது, ஆறுகள் குட்டைகளாயின, அவற்றில் நுளம்புகள் பெருகின. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. கேகாலை, குருநாகல் பகுதிகள் பெருந்துயருற்றன. அப்போது உலகின் கொயினாவிற் பெரும்பகுதி ஜாவாவின் மரங்களிலிருந்தே கிடைத்தது. ஒரு காலத்தில் உலகிற்குப் பட்டை அனுப்பிய இலங்கை, தன் மக்களுக்கான கொயினாவுக்குப் பிறநாட்டை நோக்கி நின்றது.

விலையை மட்டுமே கண்டு நட்ட மரம், விலை வீழ்ந்ததும் வேரோடு போயிற்று. நோயாளியின் தேவை அக்கணக்கில் இடம்பெறவில்லை. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்றைய டொனிக் நீரிலுள்ள கொயினா மிகச் சிறிது. அது சுவைக்கேயன்றி மருந்துக்கன்று. எனினும் அச்சிறு கசப்பில் ஒரு நாட்டின் பட்டறிவு தங்கியிருக்கின்றது.